நசுங்கிய பேனலும் முறுகிய ஸ்பிரிங்கும்

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால். வெளியே மைனஸ் பதினொன்று. மகனுக்கு லைசென்ஸ் கைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பொத்தானை அழுத்தினான், கராஜ் கதவு ஏற ஆரம்பித்தது, அது முழுசாக ஏறி முடிப்பதற்குள் காரைப் பின்னால் எடுத்துவிட்டான். சமையலறையில் இருந்த எனக்கு ஒரே ஒரு சத்தம் கேட்டது. பெரிய அண்டாவைப் படிக்கட்டில் உருட்டிவிட்டால் வருமே, அந்தச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், பையன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். கதவின் அடிப் பேனல் வெளிப்பக்கமாகப் புடைத்து நிற்கிறது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் அது எனக்குத்தான் ஆகியிருக்கும், அதுவும் அரை மணி நேரம் கழித்து.

நாங்கள் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு வடமேற்கே நோவை என்ற ஊரில். வீடு 1998-ல் கட்டியது. இங்கே வாசல் கதவை விருந்தாளிகள்தான் தட்டுவார்கள். வீட்டு ஆட்கள் போவதும் வருவதும் கராஜ் வழியாக. வீட்டில் அசைகிற பொருள்களிலேயே பெரியது அந்தக் கதவு. எங்களுடையது 16 அடி அகலம், 7 அடி உயரம். 21 அங்குல உயரமுள்ள நான்கு பேனல்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கீல்களால் கோத்திருக்கும். இரண்டு ஓரத்திலும் ரோலர்கள். அவை தடத்தில் ஓடும்போது கதவு பேனல் பேனலாக மடங்கி, கூரைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். இந்த மாதிரி மேலே ஏறுகிற கதவை 1921-ல் கொண்டுவந்தவர் சி. ஜி. ஜான்சன். 1926-ல் அதற்கு மோட்டாரையும் அவரே பொருத்தினார். நூறு வருடம் கழித்தும் அடிப்படை அப்படியேதான் இருக்கிறது.

காரை மெதுவாக உள்ளே எடுக்கச் சொன்னேன். அப்புறம் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன்: பொத்தானை மறுபடியும் அழுத்தினேன். கதவு கோணலாக இறங்கியது. இடது ஓரத்தின் அடி ரோலர் தடத்தைவிட்டு வெளியே வந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. வலது மூலை தரையைத் தொட்டுவிட்டது. இடது மூலை ஓர் அடி உயரத்தில் சிக்கிக்கொண்டது. மோட்டார் முனகிக்கொண்டே இருந்தது. அடிபட்ட கதவை மோட்டாரால் இழுக்கவே கூடாது. ஒரு பேனலோடு முடிந்திருக்க வேண்டிய சேதம் இரண்டாவது பேனலுக்கும் தடத்துக்கும் பரவுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது அழுத்தலில்தான். எங்கள் கதவிலும் அப்படித்தான் ஆனது. இரண்டாவது பேனலில் கைமுழ நீளத்துக்கு ஒரு மடிப்பு விழுந்தது.

நான் கார் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரிவில் பொறியாளர். பதினான்கு வருட வேலை. தகட்டைப் பார்த்துப் பயப்படுகிற ஆள் இல்லை நான். வெளியே வந்த ரோலரைத் திரும்ப உள்ளே வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்த ரோலரின் தண்டு, அடிப் பேனலின் மூலையில் இருக்கும் ஓர் இரும்புப் பிடிமானத்துக்குள் செருகியிருக்கிறது. அதன் போல்ட்டுகளைக் கழற்றினால் ரோலர் கைக்கு வந்துவிடும். தடத்தில் வைத்துத் திரும்ப மாட்டினால் முடிந்தது. ஸ்பேனரை எடுத்து முதல் போல்ட்டில் வைத்துவிட்டேன். அந்தப் பிடிமானத்தில் ஒரு மெல்லிய கம்பி வடமும் கோத்திருந்தது. அது வீணைத் தந்தி மாதிரி விறைத்திருந்தது. அந்த விறைப்புக்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எதிர் வீட்டுப் பெரியவர் நாயைக் கூட்டிக்கொண்டு போனவர், கோணிக்கிடந்த கதவைப் பார்த்து நின்றிருக்கிறார். ஓர் அடி இடைவெளி வழியாகக் குனிந்து பார்த்தவர், கையை எடு, கையை எடு என்று கத்தினார். அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. கராஜின் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்து, முதல் வேலையாக என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கி அலமாரியில் வைத்தார். பிறகு தன் இடது கையை நீட்டிக் காட்டினார். கட்டைவிரலில் நுனி இல்லை. ஆறு வருடமாக எதிர் வீடு, நான் அதைக் கவனித்ததில்லை. இளவயதில் கராஜ் ஸ்பிரிங்கை முறுக்கும்போது, அதற்கென்று உள்ள கம்பிக்குப் பதிலாக ஸ்குரூடிரைவரைச் செருகியிருக்கிறார். அது நழுவிவிட்டது. அவ்வளவுதான் சொன்னார்.

அந்த ஸ்பிரிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் கதவின் எடை 150 பவுண்டு, கிட்டத்தட்ட 68 கிலோ. ஆனால் மோட்டாரை விலக்கிவிட்டு ஒரு பத்து வயதுப் பிள்ளை அதைத் தூக்கலாம். காரணம், கதவுக்கு மேலே சுவரோரமாகத் தண்டில் கோத்திருக்கும் முறுக்கு ஸ்பிரிங்குகள். எங்களுடையதில் இரண்டு. கதவு மூடியிருக்கும்போது அவை முழு முறுக்கில் இருக்கும். 7 அடிக் கதவுக்குச் சுமார் ஏழரைச் சுற்று. தண்டின் இரு முனையிலும் உருளைகள், அவற்றிலிருந்து இறங்கும் கம்பி வடங்கள், வடங்களின் முனை அடிப் பேனலின் இரண்டு மூலைகளிலும் உள்ள பிடிமானங்களில். அதாவது, கதவைத் தாங்கும் விசையில் பாதி வந்து சேருவது நான் கழற்றப்போன அந்தப் போல்ட்டுகளில்தான். கழன்றிருந்தால், அந்த இரும்பு என் முகத்துக்கு நேராகத்தான் வந்திருக்கும். அதனால்தான் பல கம்பெனிகள் அந்தப் பிடிமானத்தில் சிவப்புச் சாயம் பூசுகின்றன, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுகின்றன. எங்களுடையதிலும் ஒட்டியிருந்தார்கள். இருபத்தைந்து வருட உப்பும் தூசியும் அதை மறைத்திருந்தன.

சாதாரண ஸ்பிரிங்குக்குப் பத்தாயிரம் ஏற்ற இறக்கம் என்று ஆயுள் கணக்கிடுகிறார்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை திறந்து மூடும் வீட்டில் அது ஏழு வருடத்துக்குள் வரும். பேனல் அடிபட்டு ஆள் வரும்போது ஸ்பிரிங்கின் வயதையும் கேட்டுவிடுங்கள். எப்படியும் அதைத் தளர்த்தித்தான் வேலை செய்யப்போகிறார்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை அவசரப்பட்டு இழுக்காதே என்று. அதை இழுத்தால் கதவுக்கும் மோட்டாருக்கும் உள்ள தொடர்பு விட்டுப்போகும். கதவு முழுதாக மூடியிருந்தால் பயமில்லை. பாதியில் தொங்கும்போது, ஸ்பிரிங்கோ வடமோ அறுந்திருந்தால், கதவு மொத்த எடையோடு கீழே வரும். அன்று மோட்டாரின் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு, இடது மூலையில் கட்டைகளை முட்டுக்கொடுத்துவிட்டு, எல்லாரும் வெளியே வந்துவிட்டோம். காரும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. மகன் பள்ளிக்குப் பெரியவரின் காரில் போனான்.

முதலில் போன் செய்த கம்பெனி கதவைப் பார்க்காமலே பதில் சொல்லிவிட்டது: இவ்வளவு பழைய கதவுக்குப் பேனல் வராது, முழுக் கதவும் மாற்ற வேண்டும், 2,600 டாலர். எனக்கு மனசு ஒப்பவில்லை. பார்க்காமல் எப்படிச் சொல்ல முடியும்? இரண்டாவது கம்பெனி ஓர் ஆளை அனுப்பியது. ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். அவர் பார்த்த விதத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நசுங்கிய இடத்தை அவர் முதலில் பார்க்கவே இல்லை. உள்ளே போய், பேனலின் பின்பக்கத்தில் செங்குத்தாக ஓடும் சட்டங்களைக் கையால் தடவிப் பார்த்தார். கீல்கள் ஒவ்வொன்றையும் ஆட்டினார். கீல்களில் 1, 2, 3 என்று எண் குத்தியிருக்கும். கீழிருந்து மேலே போகப் போக எண் கூடும், ஒன்றை மற்றதன் இடத்தில் மாட்டக்கூடாது. தடத்தில் மட்டக்கோலை வைத்துப் பார்த்தார். அதற்கப்புறம்தான் ஒடுக்கு.

அவர் சொன்ன கணக்கு இது. வெளித்தகடு மட்டும் ஒடுங்கி, பின்சட்டமும் கீலும் நேராக இருந்தால் அது வெறும் தோற்றக் குறை. வீட்டிலேயே சரிசெய்யலாம், விட்டுவிட்டாலும் கதவு ஓடும். சட்டம் வளைந்துவிட்டால் பேனல் தன் எடையைத் தானே தாங்காது. ஒவ்வொரு முறை வளைவில் திரும்பும்போதும் இன்னும் கொஞ்சம் முறுகும். அந்தப் பேனலை மாற்றத்தான் வேண்டும். ஒரு பேனல் என்றால் மாற்றலாம், இரண்டு என்றால் கதவின் வயதைப் பார்த்து யோசிக்கலாம், மூன்று என்றால் புதுக் கதவே மலிவு.

எங்கள் அடிப் பேனலில் இடப்பக்கச் சட்டம் இரண்டாக மடிந்திருந்தது. இரண்டாவது பேனலில் தகட்டில் மட்டும் மடிப்பு. எனவே ஒன்றை மாற்றுவது, இன்னொன்றை நான் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. பேனல் கிடைக்குமா என்பதுதான் அடுத்த கேள்வி. ஒரு கம்பெனியின் பேனல் இன்னொன்றின் கதவில் சேராது. விளிம்பில் ஒன்றுக்குள் ஒன்று அமரும் மடிப்பு ஆளுக்கு ஆள் வேறு. உள்பக்கம் ஓரத்தில் தயாரிப்பாளர் பெயரும் மாடல் எண்ணும் உள்ள சீட்டு ஒட்டியிருக்கும். எங்களுடையது பாதி கிழிந்திருந்தாலும் படிக்க முடிந்தது. அந்த மாடல் இன்னும் தயாரிப்பில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். பேனலும் கூலியும் சேர்த்து 690 டாலர், ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும். வீட்டு இன்சூரன்ஸில் முதல் ஆயிரம் டாலர் நம் பொறுப்பு, ஆகவே அங்கே கேட்பதில் அர்த்தமில்லை. அன்றைக்கே கதவை நேராக்கி, காரை வெளியே எடுக்கவைத்து, கதவை மூடி, நட்டு இறுக்கிவிட்டுப் போனார். ஐந்து வாரமும் கார்கள் பனியில் நின்றன. தினம் காலையில் மகன்தான் இரண்டு காரின் கண்ணாடியையும் சுரண்டினான். யாரும் சொல்லாமலே.

மார்ச் கடைசியில் பேனல் வந்தது. பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேட்டேன்; ஏழடி தள்ளி நில் என்றார். பிடித்தால் விடாத குறடுகளைத் தடத்தில் ரோலருக்கு மேலே கவ்வவைத்து, கதவு துள்ளி ஏறாதபடி தடுத்தார். இரண்டு முறுக்குக் கம்பிகள், இரண்டு கையிலும். ஒன்று துளையில் இருக்கும்போது மற்றது அடுத்த துளைக்குப் போகும். கால் சுற்று, கால் சுற்றாக, ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் முப்பது தடவை. முகத்தை ஒருமுறைகூட ஸ்பிரிங்குக்கு நேராகக் கொண்டுபோகவில்லை. தகட்டை வருடக்கணக்கில் கையாண்ட எனக்கே அந்த இருபது நிமிடம் மூச்சு சீராக வரவில்லை. முறுக்கு முழுதும் இறங்கிய பிறகுதான் நான் அன்று தொட்ட அந்தப் போல்ட்டைக் கழற்றினார். அது சாதுவாகக் கையோடு வந்தது.

பழைய பேனலைக் கழற்றித் தரையில் சாய்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அடி விளிம்பில், ரப்பர் பட்டை மாட்டும் இடத்தில், தகடு துருப்பிடித்து விரலால் அழுத்தினால் உதிரும் நிலையில் இருந்தது. இங்கே குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். காரின் அடியில் ஒட்டி வரும் உப்புச்சேறு கராஜுக்குள் உருகி, கதவின் காலடியில் தேங்கும். கார் மோதாவிட்டாலும் அந்தப் பேனல் இன்னும் இரண்டு மூன்று குளிர்காலம்தான் தாங்கியிருக்கும். இப்போது ஏப்ரல் பிறந்ததும் கதவின் உள் விளிம்பைக் குழாய்த் தண்ணீரால் கழுவிவிடுகிறோம். மேலாகத் துரு என்றால் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து ப்ரைமர் அடித்தால் போதும். ஓட்டை விழுந்திருந்தால் அதில் பட்டி பூசுவது வீண்.

எல்லாம் மாட்டி முடித்ததும் மோட்டாரை இணைக்காமல் கதவைக் கையால் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி விட்டார். கதவு அந்தரத்தில் அப்படியே நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எடையும் முறுக்கும் சமம் என்று அர்த்தம். மூடியிருக்கும் கதவில் சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டு இந்தச் சோதனையை யாரும் செய்யலாம், வருடத்துக்கு இரண்டு முறை செய்ய வேண்டும். கதவு கீழே சரிந்தாலோ தானாக மேலே ஓடினாலோ ஆளைக் கூப்பிடுங்கள். கூடுதல் எடையுள்ள பேனல் மாட்டினாலும், வலுவுக்கென்று குறுக்குச் சட்டம் போட்டாலும் இந்தச் சமநிலை மாறும்.

அந்தக் குறுக்குச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கார் மோதாமலே உடைகிற பேனல் ஒன்று உண்டு: மேல் பேனல். மோட்டாரின் கை அதன் நடுவில்தான் பிடித்து இழுக்கிறது. உள்பக்கம் குறுக்கே இரும்புச் சட்டம் இல்லாத கதவுகளில் வருடங்கள் போகப் போக அந்த இடம் வெடிக்கும். இன்றைக்கு உங்கள் கதவின் மேல் பேனலை உள்ளிருந்து ஒருமுறை பாருங்கள்.

சரி, என் பங்குக்கு வருகிறேன். இரண்டாவது பேனலின் மடிப்பு, அதோடு மூன்றாவது பேனலில் வருடக்கணக்காகக் கூடைப்பந்து பட்ட ஏழெட்டு ஒடுக்குகள். மே மாதம்வரை காத்திருந்தேன், பட்டியும் பெயிண்டும் குளிரில் பிடிக்காது. அம்மா சேலத்திலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டு, "ஒடுக்கு எடுக்கிற ஆளு அங்க கெடைக்க மாட்டாங்களாடி?" என்று கேட்டாள். பித்தளைக் குடத்துக்கு ஒடுக்கு எடுப்பதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அந்தத் தகடு கனம், பின்னால் முட்டுக் கொடுத்துத் தட்டலாம். இந்தக் கதவின் தகடு அரை மில்லிமீட்டர்தான், கார் கதவைவிட மெல்லிசு.

இணையத்தில் ஹேர் டிரையரால் சூடாக்கிக் குளிர்காற்று அடித்தால் ஒடுக்கு தானே வெளியே வரும் என்கிறார்கள். தகடு கொஞ்சம் வளைந்தால் தானே திரும்பும். ஓர் எல்லையைத் தாண்டி வளைந்தால் திரும்பாது. தாண்டிய இடத்தில் தகடு நீண்டுபோய், முன்பைவிடக் கெட்டியாகவும் ஆகியிருக்கும். கூர்மையான மடிப்பு என்றால் எல்லை தாண்டியாயிற்று. அதைச் சூடும் குளிரும் திரும்பக் கொண்டுவராது. ஆழமில்லாத, விளிம்பு மழுங்கிய பந்து ஒடுக்குகளில் இரண்டு மட்டும் அப்படிப் பாதி வெளியே வந்தன.

எங்கள் கதவில் தகட்டுக்குப் பின்னால் தெர்மாகோல் அட்டை வெறுமனே செருகியிருந்தது. உருவிவிட்டு, முன்பக்கம் மகன் ஒரு பலகையை அழுத்திப் பிடிக்க, பின்னாலிருந்து மரத்துண்டை வைத்து ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். நடுவில் தட்டக்கூடாது. ஒடுக்கின் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வர வேண்டும். நடுவில் ஓங்கி அடித்தால் தகடு இன்னும் நீண்டு, டப் டப் என்று இரண்டு பக்கமும் துள்ளும் மூடி மாதிரி ஆகிவிடும். இரண்டு தகட்டுக்கு நடுவே நுரையை ஊற்றி ஒட்டவைத்த கதவு உங்களுடையது என்றால் பின்னாலிருந்து தட்டவே முடியாது. பட்டி மட்டும்தான் வழி.

தட்டி முக்கால்வாசி நேராக்கினேன், மீதிக்குப் பட்டி. சோப்புத் தண்ணீரில் கழுவி, 80 எண் உப்புத்தாளால் ஒடுக்குக்குள் மட்டும் வெறும் தகடு தெரியும்வரை தேய்த்தோம். துத்தநாகம் பூசிய தகட்டில் பிடிக்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கும் பட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். எலுமிச்சம்பழ அளவு பட்டிக்கு ஹார்டனர் ஒரு கோடு. கலந்தால் நான்கைந்து நிமிடத்தில் இறுகிவிடும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே பூச்சில் நிரப்பாமல் மூன்று மெல்லிய பூச்சு. அப்புறம் 80, 150, 220 என்று தேய்ப்பு, ப்ரைமர், வெளிப்புறத்துக்கான அக்ரிலிக் பெயிண்ட். புதுப் பேனல் பளிச்சென்ற வெள்ளை, பழையவை வெயிலில் மங்கியவை. எனவே கதவு முழுவதும் அடித்தோம். அடிக்கும்போது கதவை அவ்வப்போது பாதி ஏற்றி, பேனல்களின் இடுக்குகளைத் தனியாக அடித்துக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் பேனல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பெயிண்ட் உரிந்து வரும்.

எங்கள் கதவுத் தகட்டில் மரநார் மாதிரி வரிகள் அச்சிட்டிருக்கும். பட்டி பூசிய இடத்தில் அந்த வரி இல்லை. தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது எனக்குத் தெரியும்.

எங்கும் இதே கணக்கு ஓடாது. நாத்தனார் ஃபுளோரிடாவில் இருக்கிறார். 1992-ல் ஆண்ட்ரூ புயலில் பல வீடுகளில் முதலில் உள்ளே பெயர்ந்தது கராஜ் கதவு. காற்று உள்ளே புகுந்ததும் கூரை போனது. அதற்குப் பிறகு அங்கே கதவு காற்றழுத்தச் சோதனை தேறியதாக இருக்க வேண்டும். ஏதோ ஒரு பேனலை வாங்கி மாட்டினால் அந்தத் தகுதி போய்விடும். மரக் கதவு வைத்திருப்பவர்களுக்கு இற்றுப்போன பகுதியைச் சுரண்டி எடுத்து எபாக்சி நிரப்பும் வேலை. அது வேறு கதை.

பேனல் வேலை எது நடந்தாலும், முடிவில் மோட்டாரின் பாதுகாப்பு அமைப்பைச் சோதியுங்கள். அமெரிக்காவில் 1993 ஜனவரி முதல் தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார் எல்லாவற்றிலும், கதவுக்கடியில் யாரும் சிக்காமல் தடுக்கும் அமைப்பு சட்டப்படி இருக்க வேண்டும். பெரும்பாலும் அது தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் போகாமல் இரண்டு ஓரத்திலும் வைக்கும் ஒளிக்கண்கள்தான். மோதலில் எங்கள் இடது கண் திரும்பிப்போயிருந்தது. அதை நேராக்கிய பிறகு, எதையாவது தொட்டால் கதவு திரும்புகிறதா என்று பார்க்க, ஒன்றரை அங்குலக் கனமுள்ள பலகை ஒன்றைக் கதவுக்கடியில் படுக்கவைத்துக் கதவை இறக்கினோம். பலகையைத் தொட்டு இரண்டு நொடிக்குள் கதவு திரும்ப ஏற வேண்டும். ஏறியது. மகன் அதை மூன்று முறை செய்து பார்த்தான்.

கழற்றிய பழைய பேனலை அந்த மெக்கானிக் எடுத்துப்போகத் தயாராக இருந்தார். மகன்தான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டான். கராஜின் பின்சுவரில் சாய்த்துவைத்து, சனிக்கிழமைகளில் அதில் பட்டி பூசிப் பழகுகிறான். எதிர் வீட்டுப் பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இன்னும் மெல்லிசா, இன்னும் மெல்லிசா என்கிறார். இந்த வாரம் நான்காவது ஒடுக்கு. 150 எண் உப்புத்தாள் தீர்ந்துவிட்டது, வாங்கி வர வேண்டும்.